விட்ட வேளைகள்

எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் என் அண்ணி ரத்தினபாய் ஒப்புக்கொள்வாள். அது உபவாசம். காய்ச்சல் என்று சொன்னால் கஞ்சி வரும். வயிற்று வலி என்றால் ஓமத் தண்ணீர் வரும், அதன் பின்னாலேயே கஞ்சியும் வரும். பசியில்லை என்று மட்டும் சொல்லவே கூடாது. பசி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். ஆண்டவருக்காகச் சாப்பிடவில்லை என்றால்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து போவாள். அவள் பெற்ற ஒரே பிள்ளை சுந்தர்சிங்குக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்திருக்காமல் இருந்திருக்கலாம்.

நான் தபீதாள், சுந்தரின் அத்தை. அவன் அப்பா ஜெபராஜ் என் கூடப்பிறந்த அண்ணன், தாம்பரம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். கிழக்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்களில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, என் நாக்கு நீளம்தான் அதற்குக் காரணம் என்று சபையில் பேச்சு. இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அண்ணி ஜெபம் பண்ணினால் இந்தப் பக்கம் நான் ஆமென் சொல்லலாம். சில நாள் சொல்லியும் இருக்கிறேன், அவளைச் சீண்டுவதற்காக.

சுந்தருக்குப் படிப்பு ஏறவில்லை. பாட்டும் வரவில்லை; கொயரில் சேர்த்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே ஆர்கன் வாசிப்பவர் அண்ணனிடம் வந்து, பையன் பின்வரிசையில் உட்கார்ந்து ஜெபித்தால் போதும் என்று கெஞ்சிவிட்டுப் போனார். ஆனால் குஸ்தி வந்தது. அவன் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், செம்மண்ணைக் கொத்தி எண்ணெய் விட்டுப் பிசைந்து டிரில் மாஸ்டர் ஒரு கோதா போட்டிருந்தார். ஒரு சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். கரும்பலகை முன்னால் நிற்கச் சொன்னால் சாக்பீஸைத் தின்றுவிடுவான்போல நெளிகிற பையன், அந்த மண்ணில் இறங்கியதும் வேறு ஆளாக இருந்தான். தன் கைகால் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு அங்கேதான் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம், அவன் எஸ்.எஸ்.எல்.சி. செங்கல்பட்டில் ஜில்லாப் பள்ளிகளுக்கான குஸ்திப் போட்டி. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு எடைப் பிரிவுக்கு ஒரே ஆள்தான் போகலாம். சுந்தர் ஐம்பத்தொரு கிலோ இருந்தான். ஐம்பத்திரண்டு கிலோ பிரிவில்தான் சேர வேண்டும். அந்த இடத்தில் துரைராஜ் இருந்தான். சேலையூரில் நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை, வீட்டு மாட்டுப் பாலில் வளர்ந்த உடம்பு. சுந்தருக்கு உயிர்ச் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் யார் போவது என்று பார்க்க இருவரையும் மோதவிட்டார்கள். எத்தனை தடவை மோதினாலும் சுந்தரின் முதுகுதான் மண்ணில் பட்டது. டிரில் மாஸ்டர், நாற்பத்தெட்டு கிலோவுக்கு ஆளே இல்லை, இறங்கி வருகிறாயா என்று கேட்டார். பிள்ளை யோசிக்கக்கூட இல்லை, தலையை ஆட்டிவிட்டான். அது கடைசி வருஷம். அதை விட்டால் அவனுக்குக் கோதாவும் இல்லை, தான் யார் என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

மூன்று கிலோ என்றால் கடையில் ஒரு பொட்டலம். ஒல்லியாக இருக்கிற பையன் உடம்பிலிருந்து எடுப்பதென்றால் எங்கிருந்து எடுப்பது? ரயில்வே குளிர்காலத்துக்கென்று அண்ணனுக்குக் கொடுத்த கம்பளிக் கோட்டு ஒன்று உண்டு. தாம்பரத்தில் குளிர் எங்கே இருக்கிறது, அது ஆணியில் தொங்கிக் கிடந்தது. அதைத் துரைராஜ் வீட்டில் கொண்டுபோய் வைத்து, பள்ளிக்கூடம் விட்டதும் போட்டுக்கொண்டு, ஆகஸ்ட் மாத வெயிலில் சேலையூர் ஏரிக்கரையில் ஓடினான். வாயில் புளியை அடக்கிக்கொண்டு ஊறுகிற எச்சிலையெல்லாம் துப்பிக்கொண்டே ஓடினான். பிறகு ஸ்டேஷனுக்குப் போவான். மல்லிகைப்பூக் கூடைக்கும் கருவாட்டு மூட்டைக்கும் நடுவில், பார்சல் ஆபீஸ் தராசில் அவனை ஏற்றி அண்ணன் எடை பார்ப்பார். என் அண்ணனுக்கு அதில் ஒரே பெருமை. ஜில்லாவில் ஜெயித்தால் மாநிலப் போட்டி, மாநிலத்தில் பேர் வந்தால் ரயில்வேயில் வேலை என்று அவர் மனசுக்குள் தண்டவாளம் போட்டுவிட்டார். அம்மாவிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் குடத்தோடு பாயசம் வைத்து ஊட்டிவிடுவாள் என்று பிள்ளைக்கு உத்தரவு வேறு.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஓட்டம் மட்டும் போதவில்லை. சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி தட்டைத் தள்ளி வைத்தபோது அண்ணி ஏன் என்றாள். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

"உபவாசம்மா."

மறுநாள் காலை காப்பி டம்ளரோடு என் போர்ஷனுக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கொயரும் வேண்டாம், ஞாயிறு பள்ளியும் வேண்டாம் என்று திரிந்த பிள்ளை தானாக உபவாசம் இருக்கிறான், உபவாசம் இருக்கிற லெந்து காலம்கூட இல்லை என்றாள். கணக்குப் பரீட்சைக்காக இருக்கும், மற்ற வழியெல்லாம் அடைத்துவிட்டதே என்றேன் நான். எதற்காக என்று அவனைக் கேட்டாயா என்றும் கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கக் கூடாது தபீதா. அது அவனுக்கும் ஆண்டவருக்கும்."

எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். உபவாசம் இருக்கிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஜெபத்தின் பலன் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. நல்ல வழக்கம்தான். ஒருத்தரும் ஒருத்தரையும் எதுவும் கேட்காமல் இருந்துவிட அது மிகவும் வசதி.

அண்ணிக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. குஸ்திக்காரன் என்றால் பாலும் பாதாமும் முட்டையும் தின்கிறவன். குஸ்திக்காக ஒருவன் பட்டினி கிடப்பான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? குஸ்தியை விளையாட்டு என்று ஒரு பக்கமும் உபவாசத்தைப் பக்தி என்று இன்னொரு பக்கமும் வைத்திருந்தாள். பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் விட்டான். அன்றைக்கு ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"அவன் என்ன கேக்கறான்னு எனக்குத் தெரியாது ஆண்டவரே. உமக்குத் தெரியும். அவன் கேக்கறதை அவனுக்குக் குடுத்துடும்."

அன்றைக்கு நான் சீண்டுவதற்காக ஆமென் சொல்லவில்லை. மனசாரச் சொன்னேன்.

பெண்கள் சங்கத்தில் அண்ணிக்கு நெருக்கமானவள் ஞானஜோதி. அவள் காதுக்குப் போனது சபைக்குப் போனதற்குச் சமம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் பேர் சொல்லாமல், நம் வாலிபர்களில் ஒருவர் என்று ஆரம்பித்தார். எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. சுந்தர் குனிந்தவன் நிமிரவே இல்லை. எவ்வளவு தாழ்மை என்று என் பக்கத்திலிருந்தவள் பூரித்துப்போனாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் கூசியிருக்கும். ஜெயிச்சிட்டு வந்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்டா என்று துரைராஜிடம் அன்றைக்கே சொல்லியிருக்கிறான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவசரத்துக்கு ஒரு வார்த்தை சொன்னான், அதைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோரும் பலிபீடத்தில் வைத்துவிட்டார்கள்.

இனி சொல்வதுதான் எங்களில் யாருக்கும் தெரியாமல் போனது. அவன் எந்த வேளையை விட்டானோ அந்த வேளையை அண்ணியும் விட்டாள். பிள்ளை கேட்பதோடு தாய் கேட்பதும் சேர்ந்தால் பரலோகத்தில் சீக்கிரம் கேட்கும் என்பது அவள் கணக்கு. அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையிலும் சாயங்காலமும் மாத்திரை, ஒரு வேளையும் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதையும் அவள் தட்டவில்லை. சாப்பாட்டை விட்டாள், மாத்திரையை விடவில்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தும் எப்படித் தெரியாமல் போனது என்று டாக்டரே பிறகு கேட்டார். அண்ணனுக்குப் பரிமாறுவாள், பாத்திரம் கழுவுவாள், எல்லோரும் போன பிறகு அடுப்படியில் தான் சாப்பிடுவாள். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் ரத்தினபாய் சாப்பிட்டதை எங்களில் ஒருத்தரும் கண்ணால் பார்த்தது கிடையாது.

கடைசி இரண்டு நாள் சுந்தர் தண்ணீரையும் நிறுத்தினான். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆள் பாதியாகிவிட்டான். வியாழக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

"சனிக்கிழமை ராத்திரி வந்து சாப்பிடறேம்மா. கோழிக்கொழம்பு வை."

அவளுக்கு அது போதும். அவன் உபவாசம் முடிகிற நாள் அதுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எடை பார்த்தார்கள். முள் நாற்பத்தெட்டில் நின்றது. மேடையை விட்டு இறங்கின கையோடு துரைராஜின் அம்மா பச்சையம்மா கட்டிக் கொடுத்திருந்த இட்லியையும் அவித்த முட்டையையும் தின்று, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, அங்கேயே சுருண்டு தூங்கினானாம். அவன் பட்டினி அதோடு முடிந்தது. இங்கே தாம்பரத்தில் அண்ணி இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளுக்குக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை அண்ணனும் நானும் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். அண்ணியையும் கூப்பிட்டேன். கோழி அடிக்கணும், பிள்ளை வந்ததும் சூடாகப் போடணும் என்றாள். முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை. காலையிலேயே அடுப்படியில் நின்று ஏன் வேகிறாய் என்று கடிந்துகொண்டேன். கொஞ்சம் தலை சுத்துது, அவன் வந்தா சரியாயிடும் என்று சிரித்தாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

சுந்தர் ஜெயித்தான். காஞ்சிபுரத்துப் பையன் ஒருவன், எண்ணெய் தடவின விலாங்கு மாதிரி வழுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் சுந்தர் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி முதுகை மண்ணில் வைத்தபோது, மரியாதைப்பட்ட கணக்கு டீச்சர் நான் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன். துரைராஜும் அவன் பிரிவில் ஜெயித்தான். கழுத்தில் ஆளுக்கொரு மெடல்.

திரும்பி வரும் பாசஞ்சரில் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பிள்ளையைக் காட்டிக்கொண்டு வந்தார். காட்டாங்குளத்தூரில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"மூணு கிலோ தபீதா. பார்சல் தராசுல நானே இறக்கினேன்."

எனக்கு விளங்கவில்லை. எதற்கு இறக்கணும், பிள்ளை உபவாசத்தில்தானே இளைத்தான் என்றேன். என்ன உபவாசம் என்று அண்ணன் விழித்தார். சபையில் போதகர் சொன்ன வாலிபர் யாரென்று அவருக்குத் தெரியாது; ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்று அவர் கோயிலுக்கே வரவில்லை. துரைராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுந்தர்தான் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ சொல்லாதே அத்தை. அம்மாகிட்ட நானே சொல்றேன். இன்னைக்கே சொல்லிடறேன்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பக்திமானைப் பெற்றவளே என்று அண்ணியை எப்படியெல்லாம் கேலி பண்ணலாம், போதகரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்லுவாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கூடுவாஞ்சேரி, வண்டலூர் எல்லாம் எப்போது போயின என்றே தெரியவில்லை. தாம்பரத்தில் இறங்கியதும் துரைராஜ் சுந்தரைத் தோளில் தூக்கிக்கொண்டான். நாற்பத்தெட்டு கிலோதானே.

விளக்கு வைக்கும் நேரம். கதவு சும்மா சாத்தியிருந்தது. குழம்பு வாசனை வாசல்வரை வந்தது. சுந்தர் துரைராஜின் தோளிலிருந்து குதித்து உள்ளே ஓடினான். நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, எழுந்திரும்மா. பசிக்குது."

அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு தட்டுகள், பக்கத்துப் பக்கத்தில், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். எப்போதும் அவள் வைப்பது ஒரு தட்டுதான். பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தனக்கு. அன்றைக்கு இரண்டு. நான் தோளைத் தொட்டேன். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது.

துரைராஜ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் நாடியைப் பார்த்தார், அலமாரியிலிருந்த மாத்திரைச் சீசாவைப் பார்த்தார். வெறும் வயிற்றில் இதைப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிரே போய்விடும், கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். பதில் சொன்னது வாசலில் தலைவிரி கோலமாக வந்து நின்ற ஞானஜோதி. சாப்பிட்டாதானே ஐயா, பிள்ளையோட சேர்ந்து அவளும் உபவாசம், இன்னைக்கு ராத்திரி அவனோடதான் முடிப்பேன்னு மத்தியானம்தான் என்கிட்ட சொன்னா என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு உபவாசம் தெரியும், மாத்திரை தெரியாது. அண்ணனுக்கு மாத்திரை தெரியும், உபவாசம் தெரியாது.

சுந்தர் அழவில்லை. மெடலைக் கழற்றி அடுப்புத் திண்டில் வைத்தான். இரண்டு தட்டுகளில் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு, தானே சோறு போட்டு, குழம்பு ஊற்றி, தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். டாக்டர் தடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது வாய் போகவில்லை. அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது. என் ஆயுசில் அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம்.

அடக்க ஆராதனையில் போதகர் உருகிவிட்டார். தாயும் மகனும் ஒருமனப்பட்டு உபவாசித்தார்கள், அந்த உபவாசத்திலேயே தாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்றார். கோயிலெல்லாம் விசும்பல். சுந்தர் எழுந்து நின்றான்.

"நான் உபவாசம் இருக்கல. எடை குறையணும்னு பட்டினி கிடந்தேன். அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

கணீரென்றுதான் சொன்னான். ஆனால் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. துக்கத்தில் பிள்ளை ஏதோ பேசுகிறான் என்று மூப்பர் ஒருவர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார், ஆர்கன்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் சபையில் அது ஒரு சாட்சியாகத்தான் சொல்லப்படுகிறது. நானும் எத்தனையோ பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கிறவர்களுக்கு அவர்கள் கதைதான் பிடித்திருக்கிறது.

மாநிலப் போட்டி வந்தது. டிரில் மாஸ்டர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். எடையைப் பற்றிக் கவலையே இல்லை. நாற்பத்தெட்டுக்கும் கீழே போயிருந்தான். சுந்தர் வர மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டான். துரைராஜ் அவன் காலைப் பிடிக்காத குறை.

"உங்காத்தா பட்டினி கெடந்து வாங்கிக் குடுத்தது மச்சான். இப்பிடி உட்டுட்டு குந்திகினு கீறியே."

துரைராஜ் மட்டும் போனான். அண்ணன் அந்தக் கம்பளிக் கோட்டைச் சேலையூரிலிருந்து திரும்ப வாங்கிவரவே இல்லை. பார்சல் ஆபீஸிலிருந்து மாற்றல் கேட்டு டிக்கெட் கவுண்டருக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அண்ணனுக்கும் சுந்தருக்கும் என் போர்ஷனில்தான் சாப்பாடு. அண்ணி மாதிரி எனக்குச் சமைக்க வராது. வாய்க்கு இருக்கிற சுறுசுறுப்பு கைக்கு இல்லை. மாநிலப் போட்டி நடந்த அன்றைக்கு, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சுந்தர் அந்தச் சுவரைப் பார்த்தான்.

"அத்தை, அங்க பேசறது உனக்கு இங்க கேக்கும்ல. அம்மா என்னன்னு ஜெபம் பண்ணாங்க?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. உன் படிப்புக்காக என்று சொல்லியிருக்கலாம், அண்ணன் உடம்புக்காக என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு வார்த்தைப் பொய் என்ன செய்யும் என்று பார்த்தவள் நான். சொன்னேன். நீ என்ன கேக்கறேன்னு தெரியாது, நீ கேக்கறதை உனக்குக் குடுக்கச் சொல்லிக் கேட்டா என்று சொன்னேன்.

பிசைவதை நிறுத்தினான். விரலில் சோறு காய்ந்துவிட்டது.

"கேட்டது கிடைச்சுது அத்தை" என்றான்.

பிறகு தட்டைத் தள்ளி வைத்தான். பசியில்லை என்றான். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவனுக்குப் பசி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, என்னவோ பேசிக்கொண்டிருந்தேன்.